தாமஸ் லிங்கன் சரித்திரம்

முன்னோர் வரலாறு என்றவுடன் நம்மனோர் இல்லங்களில் வெளிவருவன பெரும்பாலும் இரண்டே. ஒன்று, முதியோர் வாய்வழி வழங்கிவரும் கதை. மற்றொன்று, பெட்டியின் அடியிற் கிடக்கும் சில ஓலைகளும் பத்திரங்களும். இவ்விரண்டும் தம்முள் மாறுபடுமாயின் எதனைக் கொள்வது? கதையையே கொள்வது நம் வழக்கம். அது சுவையுடையது, அறிந்துகொள்ள முயற்சி வேண்டாதது. ஓலையோ செல்லரித்தது, அதனைப் படிப்பாரும் அரியர்.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 16ஆம் குடியரசுத் தலைவராய் விளங்கி, அடிமை ஒழிப்பால் அழியாப் புகழ்பெற்ற ஆபிரகாம் லிங்கனை அறியாதார் இலர். அவரைப் பயந்த தந்தையார் தாமஸ் லிங்கனோ, இறந்து முக்கால் நூற்றாண்டு கழியும்வரை வீண்பழி சுமந்து கிடந்தார். சோம்பர், நிலைகொள்ளாது ஊர்தோறும் அலைந்தவர், ஒன்றற்கும் உதவாதவர் என்று மகனார் சரித்திரத்தை எழுதினோர் பலர் அவரைச் சித்திரித்தனர். முதல் மனைவியாரை முறைப்படி மணந்தவரல்லர் என்னும் கொடுஞ்சொல்லும் உலவிற்று. மகன் எவ்வளவு உயர்ந்தவனாகக் காட்டப்படல் வேண்டுமோ அவ்வளவு தந்தை தாழ்ந்தவனாகக் காட்டப்படல் வேண்டும் என்று அவ்வாசிரியர்கள் எண்ணினர் போலும். இப்பழிகளை நீக்கியவை நீதிமன்ற அலமாரிகளிற் கிடந்த பழம்பதிவுகளும், குடும்ப வேதப்புத்தகத்தின் ஓர் ஏடுமே. அவற்றின் துணைகொண்டு அவர்தம் வாழ்க்கையை இங்குச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

லிங்கன் குடியினர் ஆங்கில நாட்டினின்றும் அமெரிக்கா புக்கவர். அக்குடியின் முதல்வர் சாமுவேல் லிங்கன் என்பார் 1637ஆம் ஆண்டிற் கடல் கடந்து மாசச்சூசெட்ஸில் இறங்கினார். அவரை முதலாக வைத்து எண்ணின் தாமஸ் ஆறாந் தலைமுறையினர். இவர் பிறந்தது 1778ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள், வர்ஜினியா நாட்டில். இவருடைய தந்தையார் பெயரும் ஆபிரகாமே. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமன்று என்பதை அன்பர்கள் காண்க.

அம்மூத்த ஆபிரகாம் வர்ஜினியாவில் இருந்த நிலத்தை விற்று, மலைகடந்து, மேற்கே கெண்டகிக் காட்டிற் குடிபுகுந்து, 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை பெற்றார். ஆயின் அந்நிலம் அந்நாட்டுத் தொல்குடிகள் தொன்றுதொட்டு வேட்டமாடிவந்த நிலம். அவர்கள் அதனை எளிதில் விட்டுக்கொடுப்பவரல்லர். 1786ஆம் ஆண்டு மே மாதத்தில், மக்கள் மூவருடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஆபிரகாம் மறைந்திருந்து எய்யப்பட்ட குண்டினால் மாண்டார். நடு மகன் ஜோசையா உதவி நாடிக் கோட்டையை நோக்கி ஓடினான். மூத்தவன் மார்டெகாய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்தான். எட்டு வயதுச் சிறுவன் தாமஸ் தந்தையின் உடலருகே நின்றுவிட்டான். அவனைத் தூக்கிச் செல்ல வந்தவனை மார்டெகாய் குறிதவறாது சுட்டு வீழ்த்தித் தம்பியைக் காத்தான். இந்நிகழ்ச்சியைத் தாமஸ் பிற்காலத்தில் தம் மக்களுக்குப் பன்முறை சொல்லுவாராம்.

தந்தையை இழந்த நாளிலேயே தாமஸ் செல்வத்தையும் இழந்தார். அக்காலத்து வர்ஜினியச் சட்டத்தின்படி உயில் எழுதாது இறந்தவன் நிலம் முழுதும் மூத்த மகனையே சாரும். கெண்டகியும் அன்று வர்ஜினியாவின் பகுதியே. ஆகவே 5,000 ஏக்கரும் மார்டெகாய்க்காயின. தாமஸுக்கு ஒரு சாணும் இல்லை. அச்சட்டத்தை மாற்றும் புதுச் சட்டம் முன்னரே நிறைவேறியிருந்தும், அது நடைமுறைக்கு வந்தது 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில். சில மாதங்கள் தாமதித்து அக்குண்டு பாய்ந்திருக்குமாயின் தாமஸ் ஒரு நிலக்கிழாராக வாழ்ந்திருப்பார்! அவரை வறியவர் என்று இகழ்ந்த சரித்திரக்காரர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

பள்ளியிற் பயிலும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. கூலிவேலை செய்தும், தச்சுத்தொழில் கற்றும் வளர்ந்தார். தம் பெயரைத் தட்டுத் தடுமாறிக் கையொப்பமிடுவதற்கு மேல் எழுத அறியாதவர் என்று மகனாரே பின்னாளிற் குறித்துள்ளார். இச்சிறு குறிப்பே பிறர் கையிற் பெரிதாக ஊதப்பட்டது. எழுத்தறியாமை வேறு, முயற்சியின்மை வேறு. எழுத்தறியாத அம்மனிதரைப் பற்றி எழுத்திலே காணப்படுவன யாவை என்று இனி நோக்குவோம்.

1803ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதில், தாமஸ் ஹார்டின் மாவட்டத்தில் மில் கிரீக் என்னும் ஓடையருகே 238 ஏக்கர் நிலத்தை 118 பவுனுக்கு வாங்கினார் என்று பத்திரப்பதிவு கூறுகின்றது. கெண்டகியில் அன்று ஆங்கில நாணயக் கணக்கும் வழங்கிற்று. மரபுரிமையாக ஒன்றும் பெறாத ஓர் இளைஞர் தம் கையுழைப்பாலே இதனை ஈட்டினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. மாவட்டப் படையிற் சேவித்தார். நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் அமர்ந்தார். காவற்சுற்றுப் பணிக்கும் அமர்த்தப்பட்டார். எலிசபெத்டவுன் கடையொன்றின் பேரேட்டில் அவர் வரவுசெலவு பதியப்பட்டுள்ளது. 1807இல், ஆலைக்கு மரம் செதுக்கிக் கொடுத்ததற்குக் கூலி தர மறுத்த செல்வன் ஒருவன்மீது வழக்காடி வென்றும் இருக்கின்றார். சோம்பர் செய்யும் காரியங்களா இவை?

இனி மணத்தைக் கூறுவோம். இங்கேதான் ஏட்டின் அருமை நன்கு விளங்கும்.

தாமஸ் இருமுறை மணந்தவர். முதல் மனைவியார் நான்சி ஹாங்க்ஸ். ஆபிரகாமை ஈன்றவர் இவரே. இரண்டாம் மனைவியார் சாரா புஷ் என்பார். டேனியல் ஜான்ஸ்டன் என்பாரை மணந்து கைம்மை எய்தியவர். 1860ஆம் ஆண்டில் ஆபிரகாம் தலைவர் பதவிக்கு நின்றபொழுது, எலிசபெத்டவுன் நீதிமன்ற எழுத்தர் சாமுவேல் ஹேக்ராஃப்ட், தாமஸுக்கும் சாராவுக்கும் நடந்த திருமணத்தை அறிந்திருந்தமையால் அவ்வம்மையாரே ஆபிரகாமின் தாயார் என்று எண்ணிக் கடிதம் விடுத்தார். ஆபிரகாம் அதற்கு விடையெழுதுகையில், அவர் தம் தந்தையின் இரண்டாம் மனைவியார் என்றும், தம் தாயார் நான்சி ஹாங்க்ஸ் என்றும் திருத்தினார். ஆனால் அந்த நான்சியின் மணப்பதிவு ஹார்டின் மாவட்டத்து ஏடுகளில் இல்லை! தேடித் தேடிக் காணாதார், மணமே நடந்திலது என்று வாய்கூசாது பேசத் தலைப்பட்டனர். மகனார் 1865இற் கொலையுண்டு இறந்த பின்னும் அப்பேச்சு ஓயவில்லை.

காரணம் மிக எளியது. பெண் வீடு வாஷிங்டன் மாவட்டத்தில் இருந்தது. மணப்பதிவும் அவ்விடத்தே ஆயிற்று. மணமகன் வாழ்ந்த மாவட்டத்தில் அதனைத் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்? 1878ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாவட்டத்துத் தலைநகராகிய ஸ்பிரிங்ஃபீல்டில், நீதிமன்றக் கட்டுகளினின்றும் அப்பத்திரம் வெளிப்பட்டது. 1806ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் 50 பவுன் பிணைத்தொகைக்குத் தாமஸ் லிங்கனும், ரிச்சர்டு பெர்ரி என்பாரும் கையொப்பமிட்ட பிணைச்சீட்டு அது. ஜூன் 12ஆம் நாள் தாம் அவ்விருவர்க்கும் மணஞ்செய்வித்ததாக ஜெஸ்ஸி ஹெட் என்னும் சமயகுரு நீதிமன்றத்துக்கு அளித்த பட்டியலும் உடன் கிடைத்தது. தட்டுத் தடுமாறி இட்ட அக்கையொப்பமே தம் மனைவியின் மானத்தையும் மகனின் பிறப்பையும் காக்கப்போகின்றது என்று தாமஸ் அன்று அறிந்திரார். அது வெளிப்பட்ட காலத்தில் அதனைக் கண்டு மகிழ அவரும் இல்லை, மனைவியர் இருவரும் இல்லை, மகனும் இல்லை.

மணமக்கள் எலிசபெத்டவுனில் வாழத் தொடங்கினர். 1807 பிப்ரவரி 10இல் சாரா என்னும் மகள் பிறந்தாள். 1808ஆம் ஆண்டு இறுதியில் தாமஸ் சிங்கிங் ஸ்பிரிங் என்னும் இடத்தில் ஏறத்தாழ 300 ஏக்கர் நிலத்தை 200 டாலர் கொடுத்து வாங்கினார். அங்கே ஒற்றையறை மரக்குடிசையில் 1809 பிப்ரவரி 12இல் ஆபிரகாம் பிறந்தார். 1811இல் நாப் கிரீக் என்னும் வளமிக்க பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தனர். அவண் பிறந்த மற்றோர் ஆண்மகவு குழவிப்பருவத்தே இறந்தது. அதற்குத் தந்தையின் பெயரே இட்டிருந்தனர்.

நிலைகொள்ளாது அலைந்தவர் என்ற பழிக்கு வருவோம். கெண்டகியில் நிலத்தை அரசினர் முன்னரே அளந்து பகுத்துக் கொடுத்தாரல்லர். வாங்குவோரே ஆளமர்த்தி அளந்து, இம்மரம் முதல் அவ்வோடை வரை என்று எல்லை குறித்தனர். மரம் பட்டுவிழும்; ஓடை திசைமாறும்; ஒரே நிலத்தின்மேல் இருவர் மூவர் உரிமைகள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படியும். மில் கிரீக் நிலத்தில் அளவுப்பிழை நேர்ந்தமையால், 238 ஏக்கராக வாங்கியதனை 1814இல் 200 ஏக்கராக 100 பவுனுக்கு விற்க நேர்ந்தது. சிங்கிங் ஸ்பிரிங் நிலம் வழக்கிற்பட்டுக் கைவிட்டுப் போயிற்று. நாப் கிரீக்கிலும் வெளியூர்ச் செல்வர் குடும்பத்தார் 1815இல் வெளியேற்றக் கோரி வழக்கிட்டனர். மூன்று நிலங்களிலும் பட்டாச் சிக்கல்! நம் ஊர்களில் ஒரே நிலத்துக்குப் பட்டாச் சிக்கலுற்றுப் பதினைந்தாண்டு நீதிமன்றப் படியேறினோர் தாமஸின் நிலையை நம்மினும் நன்கு உணர்வர். அவ்வாறு இடர்ப்பட்ட காலத்தேயும், 1814ஆம் ஆண்டு ஹார்டின் மாவட்ட வரிப்பட்டியல் ஒன்றிற் கண்ட 98 உடைமையாளருள் அவர் 15ஆம் இடத்தில் நிற்கின்றார். இப்பட்டியல்களையும் பத்திரங்களையும் மாவட்டந்தோறும் தேடித் தொகுத்து 1926இல் நூலாக்கி வெளியிட்டவர் லூயிஸ் வாரன் என்னும் சமயகுரு. தாமஸின் பழியைத் துடைத்த பெருமை பெரும்பாலும் அவரையே சாரும்.

1816ஆம் ஆண்டின் இறுதியில் தாமஸ் குடும்பத்துடன் ஒஹையோ ஆற்றைக் கடந்து இந்தியானா புக்கார். அடிமை வைத்தலை ஒவ்வாமை ஒருபுறமும், பட்டாச் சிக்கல் பெரும்பான்மையும் இதற்குக் காரணம் என்று ஆபிரகாம் பின்னர்க் குறித்தார். இந்தியானாவில் அரசினரே நிலத்தைச் சதுரஞ்சதுரமாக அளந்து விற்றனர். அங்கே பெற்ற உரிமைக்கு ஐயமில்லை. 1817 அக்டோபர் 15இல் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குத் தாமஸ் 16 டாலர் முன்பணம் கட்டினார். டிசம்பரில் 64 டாலர் கட்டினார். ஏக்கர் 2 டாலர் விலையில் மொத்தம் 320. அதிற் காற்பங்கு அதனால் தீர்ந்தது. எஞ்சியதை முற்றும் கட்ட இயலாமையின் பாதியை அரசினர்க்கே விட்டு, 80 ஏக்கருக்கு 1827இல் முழு உரிமைப்பத்திரம் பெற்றார்.

அப்பத்திரம் வருமுன்னரே வீட்டு விளக்கு அணைந்துவிட்டது. 1818இல் அப்பகுதியிற் பால்நோய் என்னும் கொடுநோய் பரவிற்று. காட்டில் வளரும் வெள்ளைப்பூச் செடியொன்றை மேய்ந்த பசுவின் பாலில் நஞ்சேறி, அதனை உண்டாரைச் சில நாளிற் கொல்லும் நோய் அது. செடியிலுள்ள நஞ்சு இன்னதென ஆராய்ச்சியாளர் கண்டது 1928இல். நோயுற்ற அயலாருக்குப் பணிவிடை செய்த நான்சி அக்டோபர் 5ஆம் நாள் தாமும் இறந்தார். சவப்பெட்டியைத் தாமஸே அறுத்துச் செய்தார். ஒன்பது வயது ஆபிரகாம் அதற்கு மரஆணி சீவிக்கொடுத்தான் என்பர். ஊரார்க்கெல்லாம் பெட்டி செய்து கொடுத்த தச்சர் தம் மனைவிக்கும் செய்தார்.

பதினோராண்டுச் சிறுமி சாரா சமைத்தாள். வீடு வீடாக இல்லை. ஓராண்டு கடந்தபின் தாமஸ் எலிசபெத்டவுனுக்குத் திரும்பினார். அங்கே சாரா புஷ் ஜான்ஸ்டன் மூன்று குழந்தைகளுடன் கைம்பெண்ணாய் வாழ்ந்திருந்தார். இருவரும் முன்னரே அறிமுகமானவர். தமக்குச் சில கடன்கள் உள, அவற்றைத் தீர்க்காது வர இயலாது என்று அம்மையார் கூற, தாமஸ் அன்றே அவற்றைத் தீர்த்து மறுநாள் மணந்தார் என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியாயினும் இதனை யாம் நம்ப விரும்புகின்றோம் என்பதை மறைக்கவில்லை. 1819 டிசம்பர் 2ஆம் நாள் மணம் நடந்தது என்பதோ பதிவு.

வண்டி நிறையத் தட்டுமுட்டுப் பொருள்களுடன் வந்திறங்கிய சாரா, தாயற்ற குழந்தைகளைக் கண்டார். தரைக்குப் பலகை பாவச் செய்தார். கதவும் சன்னலும் செப்பமுறச் செய்தார். கணவன் மக்கள் இருவரையும், தம் மக்கள் மூவரையும், உடனிருந்த உறவினன் ஒருவனையும் வேற்றுமையின்றி ஊட்டி வளர்த்தார். மாற்றாந்தாய் என்னும் சொல்லுக்கு நம் கதைகளில் அமைந்துவிட்ட பொருளை இவ்வம்மையார் பொய்யாக்கினார். ஆபிரகாமின் படிப்பார்வத்தை முதலில் உணர்ந்து காத்தவர் அவரே. தம் வயிற்றிற் பிறந்த மகனினும் ஆபிரகாமே சிறந்தவன் என்று முதுமையில் அவர் மனம் திறந்து சொல்லியிருக்கின்றார்.

தாமஸ் லிட்டில் பிஜன் கிரீக் தேவாலயத்தை எழுப்புதற்குத் தச்சுவேலை செய்தார். 1823இல் அதன் உறுப்பினரானார் என்று ஆலயக் குறிப்பேடு சொல்லும். அவர் செய்த மூலையலமாரிகள் சில இன்றும் காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. அவற்றைச் செய்தவர் கைவினை அறியாதவர் என்று கண்டார் எவரும் கூறார். 1828 ஜனவரி 20இல், ஆரன் கிரிக்ஸ்பிக்கு மனைவியாகிய மகள் சாரா இறந்தாள். 1830இல் குடும்பம் மீண்டும் பெயர்ந்து இல்லினாய் சென்றது. மறு ஆண்டு ஆபிரகாம் தந்தையைப் பிரிந்து தனிவாழ்வு தொடங்கினார்.

இப்பிரிவு உடலளவில் நின்றதன்று. இருபத்தொரு வயது நிரம்பும்வரை மகன் உழைப்பின் ஊதியம் தந்தைக்கே என்பது அந்நாட்டுச் சட்டம். தாமஸ் அவ்வாறே மகனைப் பிறரிடம் வேலைக்கு விட்டுக் கூலி பெற்றார். மகனோ நூலின்மேற் கண்ணுடையவர். எது எவ்வாறாயினும், உதவி முற்றும் நின்றுவிடவில்லை. 1841இல் ஆபிரகாம் தந்தையின் 40 ஏக்கரை 200 டாலர் கொடுத்து வாங்கி, பெற்றோர் வாழ்நாள்வரை அதனை அனுபவிக்குமாறு எழுதிவைத்தார். 1848இல் நிலம் ஏலம் போகாதிருக்கத் தந்தை 20 டாலர் கேட்க, அனுப்பினார். 1849இல் நோய்ச் செய்தி கேட்டு நேரில் சென்றார். ஆனால் 1851 ஜனவரியில் தந்தை மரணப்படுக்கையிற் கிடக்கையில் கடிதம் வந்தும் செல்லவில்லை. மனைவி நோயுற்றிருப்பதைக் காரணங்கூறி, இப்பொழுது சந்திப்பின் அஃது இன்பத்தினும் துன்பமே மிகத் தருமோ என ஐயுறுவதாகவும் மாற்றாந்தாயின் மகனுக்கு எழுதினார். ஜனவரி 17இல் தாமஸ் காலமானார். ஈமச்சடங்குக்கும் மகன் வரவில்லை.

மகப்பேற்றின் கடமையைப் பெரிதாகப் போற்றும் மரபிற் பிறந்த நமக்கு இது நெஞ்சை உறுத்துகின்றது. உலகு புகழும் பெரியார் செய்தது என்பதற்காக அதனை நியாயமாக்க யாம் விரும்பவில்லை. அவர் தந்தையை அறவே மறந்தவரும் அல்லர். 1853இற் பிறந்த தம் கடைசி மகனுக்குத் தாமஸ் என்று பெயரிட்டார். தந்தை இறந்தபின், குடும்ப வேதப்புத்தகத்தின் ஏட்டில் தம் கையாலேயே குடிவழிக் குறிப்பை எழுதினார். தந்தையின் பிறப்பு, தாயின் பிறப்பு, 1784 பிப்ரவரி 5, இரு மணங்கள், தமக்கையின் பிறப்பும் இறப்பும், தம் பிறப்பு, மாற்றாந்தாய் முதலில் யாரை மணந்திருந்தார் என்பது, இவை யாவும் அதில் முறையாக உள. தந்தை வாழ்ந்த காலத்தை 73 ஆண்டு 11 நாள் என்று நாளெண்ணிக் குறித்துள்ளார். யாமும் கூட்டிப் பார்த்தோம், கணக்குச் சரியே.

நம் இல்லங்களில் இத்தகைய ஏடு உண்டா என்று அன்பர்கள் தேடுக. முன்னோர் இறந்த திங்களும் பக்கமும் திதியும் நாம் மறவோம், ஆண்டையோ மறந்துவிடுகின்றோம். ஆண்டு குறித்த இடத்தும் விகாரி என்று மட்டும் இருக்கும். அது 1839இல் தொடங்கிய விகாரியா, 1899இல் தொடங்கியதா? அறுபதாண்டு வேறுபாட்டிற் பாட்டனும் பேரனும் ஒருவராகிவிடுவர். இதனால் யாம் பட்ட இடர் மிகுதி.

1861 ஜனவரி இறுதியில், தலைவர் பதவி ஏற்க வாஷிங்டன் நகர் செல்லுமுன் ஆபிரகாம் மாற்றாந்தாயைக் காணச் சென்றார். தந்தையின் கல்லறையையும் கண்டார். அவ்வம்மையார் மகனைப் பின்னர்க் காணவில்லை. அவன் கொலையுண்ட செய்தியையும் பொறுத்து, 1869 ஏப்ரலில் இறந்து, இல்லினாயில் ஷைலோ இடுகாட்டிற் கணவருடன் அடக்கமானார். நான்சியின் கல்லறை இந்தியானாக் காட்டு மேட்டில் நெடுங்காலம் பெயர்க்கல்லின்றிக் கிடந்தது. 1879இல்தான் பிறர் ஒருவர் பொருளுதவியால் அங்கே நிலைத்த கல் நாட்டப்பட்டது. வேதப்புத்தகம் ஆபிரகாம் பிறந்த இடமாகிய ஹாட்ஜன்வில் அருகே, நினைவுப் பூங்காவில், காண வருவோர்க்குக் காட்டப்படுகின்றது. மகனார் எழுதிய ஏடு மட்டும் அதனின்றும் பிரிந்து, மடித்த இடமெல்லாம் நைந்து, வேறிடம் சென்றுவிட்டது.